ஊட்டியில் ஆய்வகக் கருவிக்கு எந்த மின்காப்பு? இன்வெர்ட்டர், யூ.பி.எஸ்., ஜெனரேட்டர்: ஓர் அலசல்

கோவையில் 3 கே.வி.ஏ. திறன் என்று வாங்கிய யூ.பி.எஸ்., மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறியதும் 3 கே.வி.ஏ. ஆக இருப்பதில்லை. பெட்டியில் அச்சிட்ட திறன் பொதுவாக 1000 மீட்டர் உயரம் வரைக்கும்தான். அதற்கு மேல் காற்று மெலிந்துவிடும். மின்விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் சூடு முன்போல வெளியேறாது. 2000 மீட்டரில் சுமார் 9 சதவீதமும், ஊட்டியின் 2240 மீட்டரில் 11 சதவீதமும் கழித்துக்கொள்ளுங்கள். கொடைக்கானலும் ஏறக்குறைய இதே கணக்குதான். உயரம் குறைந்த கூடலூரில் கவலை இல்லை.

மலையில் கரண்ட் இரண்டு விதமாகப் போகும். காற்றில் கிளை கம்பியில் உரசி, கண் சிமிட்டும் நேரத்துக்குப் போய்த் திரும்புவது ஒன்று. மரம் விழுந்து அரை நாள் போவதும், மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்துவதும் இன்னொன்று. ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூன், ஜூலையிலும், குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் அக்டோபர், நவம்பரிலும் மரம் விழுவது அதிகம். இரண்டு நோய்க்கும் ஒரே மருந்து கிடையாது.

வீட்டு இன்வெர்ட்டரை ஆய்வகத்தில் முதலிலேயே தள்ளிவிடலாம். சாதாரண மோடில் அது 100 முதல் 290 வோல்ட் வரை வருவதை அப்படியே கருவிக்குத் தள்ளும். யூ.பி.எஸ். மோடுக்கு மாற்றினாலும் மின்சாரம் மாறும் இடைவெளியில் எச்.பி.எல்.சி. (கரைசலில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) பம்ப் ரீசெட் ஆகலாம். ஓடிக்கொண்டிருந்த மாதிரி வீண். விளக்குக்கும் வைஃபைக்கும் இருக்கட்டும்.

லைன் இன்டராக்டிவ் யூ.பி.எஸ்., கரண்ட் போனால் சில மில்லி வினாடிகளில் பேட்டரிக்கு மாறிவிடும். கணினி, எடைத் தராசு, நுண்ணோக்கி ஆகியவற்றுக்கு அது போதும். ஆனால் மாலையில் வோல்டேஜ் இறங்கி ஏறும் நீண்ட மலை லைனில், உள்ளே வோல்டேஜைச் சரிக்கட்டும் ரிலே ஓயாமல் டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு அடியிலும் வெளியே போகும் வோல்டேஜ் ஒரு படி குதிக்கும். கருவியின் டிடெக்டர் வரையும் அடிக்கோடு அந்தக் குதிப்பைக் காட்டிக்கொடுக்கும்.

எச்.பி.எல்.சி., ஜி.சி.எம்.எஸ். (ஆவியாக்கிப் பிரித்துப் பொருளை அடையாளம் காணும் கருவி), பி.சி.ஆர். (டி.என்.ஏ.வைப் பெருக்கும் கருவி) ஆகியவற்றுக்கு ஆன்லைன் யூ.பி.எஸ்.தான். வரும் மின்சாரத்தை டி.சி. ஆக்கி மறுபடி ஏ.சி. ஆக்குவதால் மாறும் இடைவெளியே இல்லை. ஓர் எச்.பி.எல்.சி.யும் கணினியும் சேர்ந்து 900 வாட் என்று வையுங்கள். 12 வோல்ட், 42 ஆம்பியர் ஹவர் பேட்டரி எட்டு போட்டால் காகிதத்தில் 4032 வாட் ஹவர். மாற்ற இழப்பு போக 90 சதவீதம். வேகமாக உறிஞ்சுவதால் அதில் 70 சதவீதம். அறை 10 டிகிரியில் இருந்தால் அதிலும் 88 சதவீதம். மிஞ்சுவது சுமார் 2235. புதிதாக இருக்கையில் இரண்டரை மணி நேரம், பேட்டரி கிழடாகும்போது இரண்டு மணி நேரம். நாலரை மணி நேரம் வரும் என்று விற்பவர் சொன்னால், அவர் வெறும் பெருக்கல் மட்டும் போட்டிருக்கிறார். ஜி.சி.எம்.எஸ். உள்ளவர்களுக்கு இந்த நேரம் முழுவதும் வேலை நேரம் இல்லை. அதன் வெற்றிட டர்போ பம்பை முறையாக நிறுத்தி வென்ட் செய்ய (உள்ளே மெல்லக் காற்றை விட) கடைசி முக்கால் மணி நேரத்தை ஒதுக்கி வையுங்கள்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் கெடும் என்பது பாதி உண்மைதான். சூடுதான் ஈய பேட்டரியின் எதிரி. குளிர் அதன் ஆயுளை நீட்டும். கெடுப்பது சார்ஜர். 25 டிகிரிக்குச் செட் செய்த வோல்டேஜ் 10 டிகிரியில் போதாது. ஒரு 12 வோல்ட் பேட்டரிக்குச் சுமார் 0.27 வோல்ட், எட்டுக்குமாக 2 வோல்ட்டுக்கு மேல் கூட வேண்டும். இல்லையென்றால் அரைச் சார்ஜிலேயே கிடந்து தகட்டில் சல்பேட் படியும். வெப்பநிலை சென்சார் உள்ள சார்ஜரா என்று கேட்டு வாங்குங்கள். சென்சார் வயர் பேட்டரி மேல் ஒட்டியிருக்க வேண்டும், பையிலேயே சுருட்டிக் கிடக்கக் கூடாது.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மாடிப்படி ஏற்றுபவருக்குத்தான் அதன் அருமை தெரியும். வேகமாக உறிஞ்சினாலும் கொள்ளளவு அதிகம் சுருங்காது. ஆனால் 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. ஜனவரி உறைபனியில் வெளித் தகரக் கொட்டகையில் வைத்தால் பேட்டரியைக் காக்கும் மின்சுற்றான பி.எம்.எஸ். சார்ஜை நிறுத்திவிடும். அறைக்குள் வையுங்கள். ஈய பேட்டரிக்கான சார்ஜரில் அப்படியே மாட்டாதீர்கள்.

மைனஸ் 80 ஃப்ரீசரை யூ.பி.எஸ்.ஸில் கட்டுவது பரவலான தவறு. ஓடும்போது 5 ஆம்பியர் எடுக்கும் கம்ப்ரசர், கிளம்பும் நொடியில் 25 முதல் 30 ஆம்பியர் வரை இழுக்கும். 3 கே.வி.ஏ. யூ.பி.எஸ். தருவதே 13 ஆம்பியர். ஓவர்லோடு ஆகி, வரும் மின்சாரத்தை அப்படியே விடும் பைபாஸுக்குப் போனால், கூடவே கட்டியிருக்கும் எச்.பி.எல்.சி.யும் பாதுகாப்பை இழக்கும். நிறைந்த ஃப்ரீசர், கதவைத் திறக்காமல் வைத்தால், சில மணி நேரம் தாங்கும். அதற்கு மில்லி வினாடி முக்கியமில்லை. ஜெனரேட்டரும், 3 நிமிடத் தாமத ரிலே உள்ள ஸ்டெபிலைசரும் போதும். இரண்டு ஃப்ரீசர் இருந்தால் இரண்டாவதற்குத் தாமதத்தை 5 நிமிடமாக்குங்கள்.

ஜெனரேட்டரையும் உயரம் விடாது. டர்போ இல்லாத டீசல் எஞ்சின் ஊட்டியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இழக்கும், 15 கே.வி.ஏ. என்றால் 12 என்று எண்ணுங்கள். டர்போ உள்ளதில் இழப்பு குறைவு. யூ.பி.எஸ். திறனைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கை ஜெனரேட்டரில் அதற்கென ஒதுக்க வேண்டும். கம்ப்ரசர் கிளம்பும்போது எஞ்சின் திணறி அதிர்வெண் இறங்கினால், யூ.பி.எஸ். அதை ஏற்காமல் பேட்டரிக்கு ஓடும், திரும்பும், மறுபடி ஓடும். வேகத்தைச் சீராக வைக்கும் எலக்ட்ரானிக் கவர்னர் உள்ள எஞ்சினும், யூ.பி.எஸ்.ஸில் அகலமாக வைத்த அதிர்வெண் எல்லையும் இதற்குத் தீர்வு. வாரம் ஒருமுறை ஓட்டும்போது சுமை இல்லாமல் சும்மா ஓட்டாதீர்கள்; 30 சதவீதத்துக்குக் குறைந்த சுமையில் எரியாத டீசல் புகைக்குழாயில் தேங்கும். மேகம் அறைக்குள் வரும் ஊரில் பாதி காலியான டேங்கில் நீர் கோக்கும். டேங்கை நிரப்பியே வைத்து, வடிகட்டியின் அடித் திருகைத் திறந்து நீரை விடுங்கள்.

பணம் ஒன்றுக்குத்தான் என்றால், கருவி மட்டும் உள்ள இடத்தில் முதலில் ஆன்லைன் யூ.பி.எஸ்.; மாதிரிகளைச் சேமிக்கும் இடத்தில் முதலில் ஜெனரேட்டர். தடுப்பூசிக்கு 2 முதல் 8 டிகிரி மட்டும் வேண்டுமென்றால் இரண்டும் வேண்டாம். சுகாதார நிலையங்களில் இருக்கும் பனிச்சுவர் குளிர்பெட்டியே பல மணி நேரம் தாங்கும்.

எதை வாங்கினாலும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2 வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள், ஜெனரேட்டர் ஓடும்போதும் ஒருமுறை. பாறைச் சரிவில் எர்த் குழியின் மின்தடையை, மண் காய்ந்திருக்கும் மார்ச்சில் அளக்க வேண்டும். மழைக்காலத்தில் எல்லாக் குழியும் நல்ல குழிதான்.