தியலும உச்சித் தடாகங்களுக்குச் செல்வோர் கவனத்திற்கு

கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள தியலும நீர்வீழ்ச்சியின் உச்சித் தடாகங்களுக்கு ஒருநாள் நடைப்பயணமாகச் செல்ல எண்ணுவோர், அடிவாரத்தில் நின்று “மேலே போகும் வீதி மண்சரிவால் மூடிக் கிடக்கிறது” என்று சொல்பவர்களின் பேச்சை விசாரிக்காமல் நம்ப வேண்டாம். அப்படிச் சொல்லி எங்களிடம் பணம் வாங்கிய ஒருவர், பிள்ளைகளும் உடனிருக்க, எங்களைப் பாதி வழியில் கைவிட்டுச் சென்றார்.

220 மீற்றர் உயரமான இந்த அருவி, பம்பரகந்தைக்கு அடுத்தபடியாக இலங்கையின் இரண்டாவது உயரமான நீர்வீழ்ச்சியாகும். பெரகலை – வெல்லவாய வீதியிலிருந்தே இதை முழுமையாகப் பார்க்கலாம் என்றாலும், தடாகங்கள் இருப்பது பாறையின் உச்சியில். அங்கே போக இரண்டு வழிகள் உண்டு. கொஸ்லந்தையிலிருந்து பூனாகலை வீதியில் வாகனத்தில் ஏறி, மேலிருந்து தடாகங்களை நோக்கி இறங்கி நடப்பது எளிது. அடிவாரத்திலிருந்து வெல்லவாயப் பக்கமாகச் சற்றுத் தூரம் போய், றப்பர் மரங்களுக்கிடையே ஏறும் மற்ற வழி மிகவும் செங்குத்தானது. கிளைத்தடங்களும் அதில் அதிகம்.

நாங்கள் பூனாகலை வழியாகவே போகத் தீர்மானித்திருந்தோம். ஆனால் மட்டக்களப்பிலிருந்து வருபவர்களுக்குக் கொஸ்லந்தைக்கு முன்பே அருவியின் அடிவாரம் வந்துவிடும். அங்கே அருவியைப் பார்க்க இறங்கிய எங்களிடம் அந்த மனிதர் மண்சரிவுக் கதையைச் சொல்லி, தன்னைத் தவிர வேறு யாருக்கும் வழி தெரியாது என்றும் கூறினார். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் லயன் வீடுகள் மண்ணுக்குள் புதையுண்டது இதே கொஸ்லந்தைப் பகுதியில்தான் என்பதை அறிந்த எவரும் அந்தச் சொல்லைத் தட்டிக்கழிக்க மாட்டார்கள். அத்தனை உயிர்களைக் காவுகொண்ட துயரத்தின் மீது மக்களுக்கிருக்கும் அச்சத்தைப் பணமாக்குவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

போய்த் திரும்பி வரும்வரை கூடவே இருப்பதாகப் பேசி, முழுத் தொகையையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். றப்பர் மரங்களைத் தாண்டி மானாப்புல் தொடங்கும் இடத்தில் தடம் இரண்டாகப் பிரிகிறது. அங்கே அவருக்குக் கைபேசி அழைப்பு வந்தது. இடப்பக்கத் தடத்தைக் கையால் காட்டி, “இன்னும் பத்து நிமிடந்தான்” என்று சொல்லிவிட்டு, அடுத்த குழுவை அழைத்துவர இறங்கிப் போய்விட்டார். ஆளுயரப் புல்லுக்குள் நடக்க நடக்க, நீரின் இரைச்சல் முன்னாலிருந்து வராமல் காலுக்குக் கீழிருந்து வரத் தொடங்கியது. விறகுக் கட்டோடு வந்த ஒரு தோட்டத்து அம்மா எங்களைக் கண்டு, “அங்கிட்டுப் போவாதீங்க தம்பி, புல்லு முடியிற எடத்துல பாறையும் முடிஞ்சிரும்” என்று சத்தமிட்டு நிறுத்தினார். கட்டை இறக்கி வைத்துவிட்டு, வலப்பக்கத் தடத்தில் தடாகம் வரை அவரே கூட்டிச் சென்றார். நாங்கள் கொடுத்த பணத்தை அவர் வாங்க மறுத்துவிட்டார்.

தடாகத்தில் இருந்தவர்கள் பூனாகலை வீதியால் எந்தத் தடையுமின்றி வந்திருந்தார்கள். திரும்பும்போது நாங்களும் அதே வழியால் ஏறி முச்சக்கர வண்டியில் இறங்கினோம். வீதி சீராகத்தான் இருந்தது. அடிவாரத்தில் அந்த மனிதரிடம் கேட்டபோது, வழிகாட்ட மட்டுமே ஒப்புக்கொண்டதாகச் சாதித்தார். பொலிஸில் முறைப்பாடு செய்துள்ளோம். அந்தப் பகுதியில் நேர்மையாக வழிகாட்டிப் பிழைக்கும் இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். இத்தகையவர்களால் அவர்களின் பெயரும் கெடுகிறது.

வீதி மூடப்பட்டதா என்பதைக் கொஸ்லந்தை கடைவீதியிலுள்ள பஸ், முச்சக்கர வண்டிச் சாரதிகளிடமோ, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்திலோ கேட்டறியலாம். உண்மையிலேயே மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள். மழைக் காலத்தில் தடாகங்களில் நீர் திடீரென உயர்வதும் உண்டு. வழிகாட்டியை அமர்த்துவதாயின் பாதிப் பணத்தை மட்டும் முன்பே கொடுத்து, மீதியை வீதிக்குத் திரும்பிய பின் கொடுங்கள்.