மாதப் பணமா, படகுப் பங்கா?

எல்லா வேலையையும் ஏஐ பார்த்துக்கொள்ளும் காலம் வந்தால் மனிதர்கள் எதை வைத்துச் சாப்பிடுவார்கள்? இதற்கு இரண்டு பதில்கள் அதிகம் அடிபடுகின்றன. ஒன்று, அரசு ஒவ்வொருவர் கணக்கிலும் மாதாமாதம் பணம் போடுவது. இன்னொன்று, இயந்திரங்கள் ஈட்டுவதில் எல்லோருக்கும் உரிமையாக ஒரு பங்கு வைப்பது. நூறு நாள் வேலை மாதிரி மனிதருக்கென்று வேலையை ஒதுக்கி வைக்கலாம் என்பவர்களும் உண்டு. வெட்டிய கண்மாயையே திரும்ப வெட்டச் சொல்வது எத்தனை வருஷம் தாங்கும்? அதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

நான் பங்குப் பக்கம். ஆனாலும் மாதப் பணத்துக்கு உரிய நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். கொடுப்பது சுலபம். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை 1000 ரூபாய் நேராக வங்கிக் கணக்குக்கே வந்தது, நடுவில் ஆள் இல்லை. சும்மா பணம் கொடுத்தால் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்ற பேச்சையும் நான் நம்பவில்லை. பின்லாந்தில் 2017, 2018 இரண்டு வருஷமும் வேலையில்லாத 2000 பேருக்கு மாதம் 560 யூரோ கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் வேலைக்குப் போவது குறையவில்லை, மனநிம்மதி கூடியது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் ராமநாதபுரம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் அப்போது என்ன படுத்தா கிடக்கிறார்கள்? வலை பொத்துவார்கள், படகைக் கரையேற்றிப் பெயின்ட் அடிப்பார்கள், கல்யாணம் காட்சி வைப்பார்கள். டீக்கடையில் அரசியல் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான்.

என் தயக்கம் வேறு. தடைக்கால நிவாரணம் 5000 ரூபாயாக இருந்தது. அதை 8000 ஆக்கும் அறிவிப்பு 2023-ல் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் வந்தது. ஏன் ஏறியது? ஓட்டு ஒரு காரணம். இன்னொரு காரணம், கடலுக்குப் போக மீன்வளத்துறை கொடுக்கும் டோக்கனை வாங்காமல் ராமேஸ்வரம் படகுகள் நின்றால் ஐஸ் கம்பெனி, லாரி, ஏற்றுமதிக் கம்பெனி எல்லாம் சேர்ந்து நிற்கும். அதிகாரிகள் பேச்சுவார்த்தைக்கு வந்தே ஆக வேண்டும். ஆளில்லாத படகு கடலுக்குப் போகும் காலத்தில் ‘நாங்கள் போக மாட்டோம்’ என்று யாரிடம் சொல்வது? ஓட்டு மட்டும் மிஞ்சும். அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அது ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை. வேலைநிறுத்தம் அன்றைக்கே உறைக்கும்.

அடுத்தவர் எல்லா வேலையையும் செய்ய, அரசு குடிமக்களைப் பார்த்துக்கொள்ளும் நாடு கற்பனை இல்லை. வெளிநாடு போய்ப் பிழைத்த நம் கரைச் சபராளிகளைக் கேட்டால் தெரியும். குவைத்தில் நானும் கொஞ்ச காலம் இருந்தேன். அங்கே குடிமக்களை விட வெளிநாட்டுக்காரர் அதிகம். குடிமகனுக்குப் பெரும்பாலும் அரசு உத்தியோகம், மலிவான கரண்ட், இலவச வைத்தியம், வருமான வரி கிடையாது. ஏஐ வந்தால் நம் வேலையை அது செய்யும், நாம் எல்லோரும் குவைத்திக்காரர் மாதிரி ஆவோம் என்பதுதான் மாதப் பணம் கேட்பவர்களின் கனவு. அதே குவைத்தில் 2024 மே மாதம் அமீர் பாராளுமன்றத்தைக் கலைத்து, நான்கு வருஷம் வரை அது இல்லாமல் ஆளப்போவதாக அறிவித்தார். எண்ணெய்ப் பணம்தான் முழுக் காரணம் என்று அடித்துச் சொல்ல எனக்கு அந்த அரசியல் போதாது. நார்வேயிலும் எண்ணெய் உண்டு, ஜனநாயகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அங்கே மக்களாட்சி முதலில் வந்தது, எண்ணெய் பிறகு வந்தது, வரியும் நிற்கவில்லை. மக்களின் வரியும் உழைப்பும் தேவைப்படாத அரசு மக்கள் பேச்சைக் கேட்பது தயவில்தான் நிற்கும்.

பங்குக்கு வருவோம். ஏலம் முடிந்ததும் கரையில் கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்று பாருங்கள். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு முதலில் கழியும். மிச்சத்தில் ஆட்களுக்குப் பங்கு, படகுக்கும் வலைக்கும் பங்கு. படகின் பங்கு அதன் சொந்தக்காரரான சம்மாட்டிக்குப் போகும். இப்போது ஆட்களை எடுத்துவிட்டு இயந்திரத்தை வையுங்கள். அவர்கள் பங்கு ஆவியாகிவிடாது, நேராகப் படகுப் பங்கோடு போய்ச் சேரும். ஏஐ பற்றிய விவாதம் முழுக்க எனக்கு இந்தக் கணக்கில் அடங்கிவிடுகிறது. படகு யாருடையது?

ஊர் திரும்பியபோது எனக்கும் இந்தக் கேள்வி வந்தது. “மச்சான், பணத்தக் குடு, மாசா மாசம் ஒரு தொக தந்துர்றேன். இல்லேன்னா படகுல பங்காளியா வந்துரு” என்றார் சொந்தக்காரர் ஒருவர். பங்காளியானேன். சில மாதம் கைக்கு ஒன்றும் வராது, என்ஜின் செலவு வந்தால் என் பையிலிருந்தும் போகும். ஆனால் பழைய என்ஜினைப் பிரித்து வேலை பார்ப்பதா, புதுசு போடுவதா என்று என்னையும் கேட்காமல் முடிவு ஆகாது. கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்க்க எனக்கு உரிமை உண்டு. மாதத் தொகை வாங்கியிருந்தால் ‘இந்த மாசம் கொஞ்சம் பொறு’ என்பதைக் கேட்டுக்கொண்டு வந்திருப்பேன்.

பெரிய அளவில் இதற்கு அருகில் வருவது அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலம். 1976-ல் அரசியல் சட்டத்தையே திருத்தி, எண்ணெய் ராயல்டியில் குறைந்தது கால் பங்கு ஒரு நிரந்தர நிதிக்குப் போக வேண்டும் என்று வைத்தார்கள். 1982-ல் முதல் முறையாகத் தலைக்கு 1000 டாலர் வந்தது. அங்கும் ஓட்டை உண்டு. 2016-ல் ஆளுநர் அந்தத் தொகையைப் பாதியாக வெட்டினார், அந்த மாநில உச்ச நீதிமன்றமும் மறு வருஷம் அது செல்லும் என்றது. நிதியின் மூலதனத்தைத் தொட முடியவில்லை, வருஷா வருஷம் கொடுப்பதைத்தான் வெட்ட முடிந்தது என்பது ஓரளவு ஆறுதல்.

இன்னொன்று, பங்கை விற்க முடியாதபடி வைக்க வேண்டும். ரஷ்யாவில் 1992-ல் அரசு கம்பெனிகளை வாங்க ஆளுக்கு 10,000 ரூபிள் மதிப்புச் சீட்டு கொடுத்தார்கள். பசியில் இருந்தவர்கள் வந்த விலைக்குத் தள்ளினார்கள், கம்பெனிகள் சிலர் கையில் போய்ச் சேர்ந்தன. நம் ஊரிலும் மகள் கல்யாணம் வந்தால் முதலில் விலைபோவது எது என்று சொல்லத் தேவையில்லை. அலாஸ்காவில் அந்த உரிமையை விற்க வழியில்லை, அங்கே குடியிருந்தால்தான் கிடைக்கும்.

சரி, ஏஐ ஓடும் கம்ப்யூட்டர்கள் எங்கோ இருக்கின்றன, நம் கரைக்கு அதில் என்ன உரிமை? என் வாதம் தடுமாறும் இடம் இதுதான். ஆனால் அதற்குக் கரண்ட் வேண்டும், நம் மாவட்டத்தில் வெயில் இருக்கிறது. கமுதியில் 2016 முதல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஓடுகிறது. அதைப் போல இன்னும் பல வரும். நிலத்தை ஒரே தடவையில் விற்றால் அதோடு கணக்கு முடிந்தது. விற்காமல், யூனிட்டுக்கு இத்தனை பைசா என்று ஊராட்சிப் பெயரில் நிரந்தரமாக எழுதி வாங்க முடியுமா என்பதை அடுத்த கிராமசபையிலேயே கேட்டுவைக்கலாம். சட்டம் எந்த அளவுக்கு இடம் கொடுக்கும் என்பதை வக்கீல்தான் சொல்ல வேண்டும்.