இந்திய இ-விசாவுக்கு ‘எம்பசி ஃபீஸ்’ கேட்டால் கொடுக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு வயதான தம்பதி, சென்னைக்குப் போக ஒரு ஏஜென்டிடம் ஆளுக்கு 2,000 ராண்டுக்கு மேல் கட்டினார்கள். டர்பன் கிங் ஷாக்கா விமான நிலையத்தில் செக்-இன் கவுண்டரிலேயே பெரியவரை நிறுத்திவிட்டார்கள். விசாத் தாளில் பாஸ்போர்ட் எண்ணின் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. டிக்கெட் காசும் போச்சு, ஏஜென்ட் போனையும் எடுக்கவில்லை.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், தென்னாப்பிரிக்க பாஸ்போர்ட்டுக்கு இந்தியச் சுற்றுலா இ-விசா இலவசம். இந்திய அரசின் நாடுவாரிக் கட்டணப் பட்டியலில் நமக்கு நேரே பூஜ்யம்தான்; ‘எம்பசி ஃபீஸ்’ (தூதரகக் கட்டணம்) என்று எதுவும் கிடையாது. படிவம் நிரப்பக் கூலி கேட்டால் அது வேறு. கூலி என்று சொல்லியே வாங்கட்டும்.

அரசுத் தளம் ஒன்றே ஒன்று: இண்டியன்விசாஆன்லைன் டாட் கவ் டாட் இன். கூகுளில் மேலே விளம்பரமாக வருகிறவை சிங்க முத்திரையெல்லாம் போட்டு மிரட்டும். முகவரி ‘கவ் டாட் இன்’ என்று முடியவில்லையா, மூடிவிடுங்கள்.

பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். படம் சதுரம், வெள்ளைப் பின்னணி, ஜேபெக், 10 கேபி முதல் 1 எம்பி வரை. பாஸ்போர்ட் பக்கம் பிடிஎஃப், 300 கேபிக்குள். போனில் எடுத்ததை அப்படியே ஏற்றினால் அளவு மீறி நிற்கும். பலர் ஏஜென்டிடம் ஓடுவது இந்த இடத்தில்தான். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே வரட்டும். ‘கோவெண்டர்’ என்ற குடும்பப் பெயரைக் ‘கவுண்டர்’ என்று மாற்றி எழுதும் மகான்களும் இருக்கிறார்கள்.

30 நாள் விசா என்றால், இந்தியாவில் போய் இறங்கும் நாளுக்கு முந்தைய 30 நாளுக்குள்தான் விண்ணப்பிக்க முடியும். குறைந்தது நான்கு நாள் முன்னாடி முடித்துவிட வேண்டும். மூன்று மாதம் முன்பே அதை ‘எடுத்துவிட்டேன்’ என்று ஏஜென்ட் சொன்னால் பொய்.

ஏஜென்ட் வழியாகத்தான் என்றால், படிவத்தில் உங்கள் மின்னஞ்சல் இருக்கட்டும். அவருடையதைப் போட்டால் விசா அவர் கைக்குப் போகும். பிறகு ‘அர்ஜென்ட் ஃபீஸ்’ ஆரம்பிக்கும். விண்ணப்ப எண்ணை அன்றைக்கே வாங்கிக்கொள்ளுங்கள். அதையும் பாஸ்போர்ட் எண்ணையும் அரசுத் தளத்தில் போட்டு ‘கிராண்டட்’ என்று வருகிறதா பாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் பிடிஎஃப்பை யாரும் திருத்தலாம்.

போலித் தளத்தில் ஏற்கெனவே கட்டியிருந்தால் வங்கியைக் கூப்பிட்டு கார்டை நிறுத்தி, பணத்தைத் திருப்பக் கேளுங்கள். பாஸ்போர்ட் நகலும் போயிருக்குமே, எஸ்ஏஎஃப்பிஎஸ் மோசடித் தடுப்பு அமைப்பில் பாதுகாப்புப் பதிவு செய்துவிடுங்கள். அதற்கும் காசு கிடையாது.