'நெவர் ஹேவ் ஐ' எங்கே, 'ஐ ஹேவ் நெவர்' எங்கே? ஆங்கிலத் தலைகீழ் வாக்கியமும் அதன் போட்டியாளர்களும்

சுவிட்சர்லாந்தில் பெண்களுக்குக் கூட்டாட்சி அளவில் வாக்குரிமை கிடைத்தது 1971இல். இந்தத் தாமதத்தை ஆங்கிலத்தில் சொல்ல மூன்று வழிகள் உண்டு.

நேர்வரிசை: 'ஸ்விஸ் விமன் டிட் நாட் கெட் தி ஃபெடரல் வோட் அன்டில் 1971.'
தலைகீழ் (துணைவினை எழுவாய்க்கு முன்னே வருவது): 'நாட் அன்டில் 1971 டிட் ஸ்விஸ் விமன் கெட் தி ஃபெடரல் வோட்.'
பிளவு வாக்கியம் (ஒரே செய்தியை 'இட் வாஸ்… தட்' என்று இரண்டாகப் பிரிப்பது): 'இட் வாஸ் நாட் அன்டில் 1971 தட் ஸ்விஸ் விமன் காட் தி ஃபெடரல் வோட்.'

மூன்றும் பிழையற்றவை, ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று அப்படியே பொருந்தாது. நேர்வரிசை தகவலைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும்; செய்திக்கும் அறிக்கைக்கும் அதுவே போதும். தலைகீழ் அமைப்பு தாமதத்தை முன்னே நிறுத்துகிறது. அது கட்டுரைக்கும் மேடைப் பேச்சுக்கும் உரியது, சாதாரண உரையாடலில் விறைப்பாக ஒலிக்கும். பிளவு வாக்கியம் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. எழுத்திலும் பேச்சிலும் உறுத்தாது.

தமிழர்களுக்கு இதில் கைக்கு எளிதாக வருவது பிளவு வாக்கியம்தான். 'வாக்குரிமை கிடைத்தது 1971இல்தான்' என்று நாம் சொல்வதும் அதே கட்டமைப்புதான். அழுத்தம் வேண்டும், ஆனால் தலைகீழ் அமைப்பில் கை நடுங்குகிறது என்றால் இதைத் தயங்காமல் எடுங்கள். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: இரண்டையும் கலக்கக் கூடாது. '…தட் டிட் ஸ்விஸ் விமன் கெட்' என்று எழுதினால் தவறு. 'தட்' வந்துவிட்டால் அதற்குப் பின் நேர்வரிசைதான்.

தலைகீழ் அமைப்பு நமக்குச் சிரமமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தமிழில் வேற்றுமை உருபு இருப்பதால் சொற்களை எப்படி இடம் மாற்றினாலும் யார் யாரை என்பது தெரியும். ஆங்கிலத்தில் எழுவாய் எது என்பதை இடம்தான் சொல்கிறது. பழைய ஆங்கிலத்தில் ஒரு சொல் வாக்கியத்தின் முன்னே வந்தால் பெரும்பாலும் வினை இரண்டாம் இடத்துக்கு வந்துவிடும். ஜெர்மன் மொழியில் இன்றும் அப்படித்தான். நவீன ஆங்கிலம் அந்த வழக்கத்தைப் பெரும்பாலும் கைவிட்டு, எதிர்மறைச் சொற்களுக்குப் பின்னும் வேறு சில இடங்களிலும் மட்டும் வைத்துக்கொண்டது. இன்று பெரும்பாலும் இடம் மாறுவது முழு வினை அல்ல, துணைவினை மட்டுமே. 'ஹேவ்', 'கேன்', 'வில்' போன்ற துணைவினை இருந்தால் அதை எழுவாய்க்கு முன் கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் 'டு', 'டஸ்', 'டிட்' ஒன்றைச் சேருங்கள். 'இஸ்', 'வாஸ்' போன்றவை தனி வினையாக நின்றாலும் தாமே முன்னே வந்துவிடும்.

அதிகம் நடக்கும் பிழையும் இங்கேதான். 'நெவர் டிட் ஹி வென்ட் தேர்' என்று எழுதுகிறார்கள். இறந்தகாலத்தை 'டிட்' ஏற்கெனவே சுமந்துவிட்டதால் அடுத்து 'கோ'தான் வர வேண்டும்.

எந்தச் சொல் முன்னே வந்தால் தலைகீழாக்க வேண்டும்? 'நெவர்', 'ரேர்லி', 'செல்டம்', 'லிட்டில்', 'நாட் ஒன்லி', 'அண்டர் நோ சர்கம்ஸ்டன்சஸ்' என்று பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட ஒரு கேள்வி கேட்டுப் பழகுவது மேல்: முன்னே வந்த சொல் வாக்கியத்தின் செயலையே மறுக்கிறதா, அல்லது அரிதாக்குகிறதா? 'அட் நோ டைம் டிட் ஹி கம்ப்ளைன்' என்றால் அவர் ஒருபோதும் குறை சொல்லவில்லை. செயல் மறுக்கப்படுகிறது, ஆகவே தலைகீழ். 'இன் நோ டைம் ஹி ஃபினிஷ்ட்' என்றால் நொடியில் முடித்துவிட்டார். செயல் நடந்துவிட்டது, ஆகவே நேர்வரிசை. இரண்டிலும் 'நோ' இருந்தும் அமைப்பு வேறு. இன்னும் நுட்பமான இணை ஒன்று: 'வித் நோ ஜாப் வுட் ஹி பி ஹேப்பி' என்றால் எந்த வேலை கொடுத்தாலும் அவர் மகிழ மாட்டார். 'வித் நோ ஜாப், ஹி வுட் பி ஹேப்பி' என்றால் வேலையே இல்லாவிட்டால் மகிழ்வார். சொற்கள் அவையே, பொருள் நேர் எதிர். தலைகீழ் அமைப்பை வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்கள் இந்த இணையை ஒருமுறை பார்க்க வேண்டும்.

'நாட் ஒன்லி' இந்தச் சோதனைக்குள் சரியாக அடங்காது. 'ஒன்லி'யும் அப்படித்தான், ஆனால் காலம், இடம், நிபந்தனை ஆகியவற்றோடு முன்னே வந்தால் தலைகீழாக்கும். எழுவாயோடு ஒட்டினால் ஆக்காது: 'ஒன்லி ஹி நோஸ்' என்பதே சரி. 'ஒன்லி ஆஃப்டர் ஹி லெஃப்ட் டிட் ஐ ஃபைண்ட் தி லெட்டர்' என்பதில் எந்தப் பாதி தலைகீழாகிறது என்று பாருங்கள். 'ஹி லெஃப்ட்' அப்படியே நிற்கிறது; முதன்மை வாக்கியம்தான் மாறுகிறது. 'ஒன்லி ஆஃப்டர் டிட் ஹி லீவ்' என்று முதல் பாதியை மாற்றிவிடுவது நன்றாக எழுதுபவர்களிடமும் காணப்படும் பிழை.

அடுத்த போட்டி 'ஆஸ் சூன் ஆஸ்', 'நோ சூனர்', 'ஹார்ட்லி' மூன்றுக்கும். பள்ளித் தேர்வுகளில் ஒன்றை மற்றொன்றாக மாற்றச் சொல்வதால் மூன்றும் சமம் என்ற எண்ணம் படிந்துவிட்டது. சமம் அல்ல. 'ஆஸ் சூன் ஆஸ் ஹி கம்ஸ், கால் மி' என்று வரப்போவதையும் கட்டளையையும் முதலாவதால் சொல்லலாம். மற்ற இரண்டும் பெரும்பாலும் நடந்து முடிந்த கதையைச் சொல்வதற்கே: 'நோ சூனர் ஹேட் ஐ ஷட் தி டோர் தேன் தி ஃபோன் ரேங்', 'ஹார்ட்லி ஹேட் ஐ ஷட் தி டோர் வென் தி ஃபோன் ரேங்'. 'சூனர்' ஒப்பீட்டு வடிவம், ஆகவே 'தேன்' கேட்கும். 'ஹார்ட்லி' ஒப்பீட்டு வடிவம் அல்ல, ஆகவே நேரத்தைக் குறிக்கும் 'வென்' கேட்கும். போட்டித் தேர்வுகளின் பிழை கண்டறியும் பகுதியில் இவ்விரண்டையும் இடம் மாற்றி வைப்பது வாடிக்கை. காரணம் தெரிந்தவர் ஏமாற மாட்டார். 'நோ சூனர் டிட் ஐ ஷட்' என்பதும் வழக்கில் உள்ளது. ஆனால் எது முதலில் நடந்தது என்பதை 'ஹேட்' தெளிவாகக் காட்டுவதால் எழுத்தில் அதையே பரிந்துரைப்போம்.

இனி 'இஃப்'. இதற்கு மூன்று தலைகீழ் மாற்றுகள் உண்டு, மூன்றின் தகுதியும் ஒன்றல்ல. அன்றாடப் பயனில் முதலிடம் 'ஷுட்'டுக்கு. 'ஷுட் யூ நீட் எனி ஹெல்ப், ப்ளீஸ் கால் அஸ்' என்பது அலுவலகக் கடிதத்துக்கு அளவான மரியாதை தருகிறது. எழுவாய் 'ஹி' ஆனாலும் 'ஷுட் ஹி நீட்' தான், 'நீட்ஸ்' அல்ல. 'ஹேட் ஐ நோன், ஐ வுட் ஹேவ் கம்' என்பது நடக்காமல் போனதற்கு. இங்கே 'ஹேட்' துணைவினையாக இருந்தாக வேண்டும். 'இஃப் ஐ ஹேட் எ கார்' என்பதில் அது 'வைத்திருத்தல்' என்ற முழு வினை. 'ஹேட் ஐ எ கார்' என்று மாற்றினால் பழங்கால வாடை அடிக்கும். 'வேர் ஹி டு ரிசைன்' ('இஃப் ஹி வேர் டு ரிசைன்' என்பதன் மாற்று) கற்பனை நிலைக்கு மட்டும். 'இஃப் ஹி வாஸ் இன் தி ஆஃபிஸ் யெஸ்டர்டே' போன்ற உண்மையில் நடந்திருக்கக்கூடிய நிலையை இப்படி மாற்றவே முடியாது. எதிர்மறையில் சுருக்க வடிவம் கூடாது: 'ஹேட் ஐ நாட் நோன்' சரி, 'ஹேடன்ட் ஐ நோன்' கேள்வியாகிவிடும். பேசும்போது 'இஃப்' போதும்.

இடம் குறிக்கும் தலைகீழ் தனி இனம். 'ஹியர் கம்ஸ் தி பஸ்', 'இன் தி கார்னர் ஸ்டுட் எ லேம்ப்' ஆகியவற்றில் முழு வினையே முன்னே வருகிறது, 'டிட்' தேவையில்லை. எழுவாய் 'ஹி', 'இட்' போன்ற பிரதிப்பெயரானால் வரிசை நேராகிவிடும்: 'ஹியர் இட் கம்ஸ்'.

எவ்வளவு பயன்படுத்தலாம்? ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில், எழுத்துத் தேர்வின் நான்கு அளவுகோல்களில் ஒன்று இலக்கண வீச்சும் துல்லியமும். வீச்சைக் காட்டத் தலைகீழ் வாக்கியம் உதவும், பிழையாக எழுதினால் துல்லியத்தில் அடி விழும். ஒரு கட்டுரைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதையும் முந்தைய வாக்கியத்துக்கு மறுப்போ திருப்பமோ வரும் இடத்தில் வையுங்கள். முதல் வரியிலேயே 'நெவர் பிஃபோர் ஹேஸ்' என்று தொடங்கினால், எதற்கான அழுத்தம் என்று வாசிப்பவருக்குப் புரியாது.