ஃபயர்வால் மென்பொருளில் ஹெடர் ஊடுருவல்: இரண்டு பேட்ச்களுக்குப் பிறகான அனுபவம்

ஃபயர்வால், வெப் ப்ராக்ஸி (இணையக் கோரிக்கைகளை இடையில் நின்று கடத்தும் பகுதி), விருந்தினர்களுக்கான உள்நுழைவுப் பக்கம் ஆகிய மூன்றையும் ஒரே தொகுப்பாகத் தரும் ஒரு மென்பொருளை எங்கள் அலுவலக வலைப்பின்னலில் பல ஆண்டுகளாக நிர்வகித்து வருகிறேன். பாக்கெட்டுகளை வடிகட்டும் வேலையில் அதன்மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. அதன் வெப் பகுதியில் கண்டறியப்பட்ட எச்டிடிபி ஹெடர் ஊடுருவல் பலவீனம் எப்படிச் சரிசெய்யப்பட்டது, அந்தத் திருத்தம் அன்றாடப் பயன்பாட்டில் எப்படி நிலைத்தது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி 1.1 நெறிமுறையில், உள்ளடக்கத்துக்கு முன்னால் வரும் விவரங்களான ஹெடர்கள் ஒவ்வொன்றும் தனி வரி. எண் மதிப்பில் 13, 10 ஆகிய இரண்டு கட்டுப்பாட்டு எழுத்துகள் சேர்ந்து அந்த வரியை முடிக்கின்றன, ஒரு வெற்று வரி ஹெடர் பகுதி முழுவதையும் முடிக்கிறது. பயனர் அனுப்பும் மதிப்பைச் சோதிக்காமல் சர்வர் ஹெடரில் எழுதினால், அந்த இரண்டு எழுத்துகளை உள்ளே வைத்து அனுப்புபவர் தாம் விரும்பும் குக்கியையோ (உலாவி சேமித்து வைக்கும் சிறு தகவல்), ஒரு முழுப் போலிப் பக்கத்தையோ சர்வரின் பதிலாகவே உலாவிக்குக் காட்ட முடியும். பாதுகாப்பு ஆய்வாளர் அமித் கிளைன் 2004-இல் பதில் பிளவுத் தாக்குதல் என்று விரிவாக விளக்கியது இதைத்தான். பலவீனங்களின் பொதுப்பட்டியலில் இதன் எண் சிடபிள்யூஇ-113.

உள்நுழையாத பயனர் ஓர் இணையப் பக்கத்தைத் திறக்க முயன்றால், எங்கள் மென்பொருள் அவரை உள்நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டு, அவர் கேட்ட முகவரியை ஓர் அளவுருவில் வைத்திருந்து, உள்நுழைந்த பின் அதை அப்படியே, உலாவி அடுத்துச் செல்ல வேண்டிய முகவரியைச் சொல்லும் ‘லொகேஷன்’ ஹெடரில் எழுதியது. பலவீனம் அந்த இடத்தில்தான் இருந்தது. சாதாரண இணையதளத்தில் இருப்பதைவிடப் பாதுகாப்பு மென்பொருளில் இது கூடுதலாகக் கவலை தருவது, ஏனெனில் பயனர்கள் கடவுச்சொல்லைத் தயங்காமல் தரும் பக்கம் இது. நிர்வாகி உள்நுழைந்திருப்பதைக் காட்டும் செஷன் குக்கியும் இதே முகவரியில் வாழ்கிறது.

முதல் பேட்ச் (தயாரிப்பாளர் வெளியிட்ட திருத்தம்) ஏமாற்றமளித்தது. சதவீதக் குறியிட்டு (%0D, %0A என்று) எழுதப்பட்ட அந்த இரண்டு எழுத்துகளையும் உள்ளீட்டில் தேடி நீக்குவதோடு அது நின்றுவிட்டது. சதவீதக் குறியையே மறுபடி குறியிட்டு இரட்டைக் குறியீடாக அனுப்பியபோது அதே தாக்குதல் மீண்டும் பலித்தது. மொழித் தேர்வைக் குக்கியில் எழுதும் இன்னொரு அளவுருவை அந்தப் பேட்ச் தொடவே இல்லை. வாசலில் சில வடிவங்களை மட்டும் தடுக்கும் முறை ஏன் நிலைக்காது என்பதற்கு ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் இயக்கும் நோட்.ஜேஎஸ்ஸில் 2016-இல் வெளியான பலவீனம் நல்ல சான்று: அங்கே தடுப்பு ஏற்கெனவே இருந்தது, ஆனால் யூனிகோடில் 269, 266 என்ற எண்களுடைய எழுத்துகள் ஹெடரில் எழுதப்படும்போது கடைசி எட்டு பிட்டுகளாகச் சுருங்கி 13, 10 ஆகிவிட்டன. அந்தப் பேட்ச்சின் வெளியீட்டுக் குறிப்பில் ‘பாதுகாப்பு மேம்பாடுகள்’ என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறெதுவும் இல்லாததால், எதைச் சோதிக்க வேண்டும் என்பதைக்கூட நாங்களே தேட வேண்டியிருந்தது.

இடைக்காலத்தில் நிர்வாகப் பக்கத்தைத் தனி விலேனுக்குள் (தனியாகப் பிரிக்கப்பட்ட உள்வலைப்பின்னல்) அடைத்தோம். உள்நுழைவுப் பக்கத்துக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளை ப்ராக்ஸியாக நிறுத்தினோம். இதைச் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: என்ஜின்எக்ஸில் திருப்பிவிடும் விதியில் ‘யூஆர்ஐ’ மாறியை எழுதினால், அது குறியீடு நீக்கப்பட்ட மதிப்பு என்பதால், அதே பலவீனம் அங்கேயும் பிறக்கும். குறியீடு நீக்கப்படாத ‘ரிக்வெஸ்ட் யூஆர்ஐ’ மாறியே பாதுகாப்பானது.

இரண்டாவது திருத்தம்தான் உண்மையான திருத்தம். ஹெடரை எழுதும் ஒரே செயற்கூற்றில் சோதனையை வைத்து, எந்த வழியாக வந்த மதிப்பானாலும் அதில் 13, 10 அல்லது சுழிய எழுத்து இருந்தால் கோரிக்கையையே 400 பிழையுடன் (தவறான கோரிக்கை என்ற பதில்) நிராகரிக்கிறார்கள். இத்தகைய ஹெடர் மதிப்பைப் பெறும் மென்பொருள் அதை நிராகரிக்கலாம் அல்லது அந்த எழுத்துகளுக்குப் பதில் இடைவெளி இடலாம் என்று 2022-இல் வந்த எச்டிடிபி தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 9110 இரு வழிகளையும் அனுமதிக்கிறது. நிராகரிப்பதே மேல் என்பது என் முடிவு, ஏனெனில் இடைவெளியிட்டு மாற்றினால் தாக்குதல் முயற்சி நடந்த தடயமே நிர்வாகிக்குக் கிடைக்காது. இந்த முறை வெளியீட்டுக் குறிப்பில் சிடபிள்யூஇ எண்ணும் பாதிக்கப்பட்ட பதிப்புகளும் தெளிவாக இருந்தன.

அதற்குப் பிந்தைய ஒவ்வொரு பதிப்பு உயர்வின்போதும் கட்டளைவரியிலிருந்து கோரிக்கை அனுப்பும் கர்ல் கருவியால் அதே சோதனைகளை ஓட்டி, பதிலின் ஹெடர்களை உள்ளபடியே பார்த்து வருகிறேன். திருத்தம் இதுவரை பின்வாங்கவில்லை. எச்டிடிபி 2 ஆதரவு வந்தபோது சோதனையை விரிவாக்கினேன். அந்த நெறிமுறையில் மதிப்பின் நீளம் தனியே குறிக்கப்படுவதால் வரி முடிவு எழுத்துகளுக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் முன்பக்கம் எச்டிடிபி 2, பின்பக்கம் 1.1 என்று மாற்றம் நடக்கும் இடத்தில் அவை மறுபடியும் உயிர்பெறும். அங்கேயும் நிராகரிப்பு சரியாக வேலை செய்தது.

பக்கவிளைவு இல்லாமல் இல்லை. ஒரு ஹெடரை இரண்டு வரிகளாக மடித்து அனுப்பும் பழைய உள்ளகச் செயலி ஒன்றின் கோரிக்கைகள் ப்ராக்ஸியில் 400 பிழையாக நின்றன. அந்த மடிப்பு முறை 2014-இன் ஆர்எஃப்சி 7230-லேயே கைவிடப்பட்டது என்பதால் செயலியைத்தான் திருத்தினோம். நிராகரித்த மதிப்பை லாகில் (நிகழ்வுப் பதிவேட்டில்) அப்படியே எழுதியதால் லாகிலேயே போலி வரிகள் விழும் சிக்கலும் தொடக்கத்தில் இருந்தது. அடுத்த பதிப்பில் குறியீடாக மாற்றி எழுதத் தொடங்கினார்கள்.

இந்த மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் முதல் பேட்ச்சோடு நிற்காமல் இரண்டாவது திருத்தம் உள்ள பதிப்புக்குச் சென்றுவிட வேண்டும். நிராகரிப்புகள் தொடர்ந்து வரும்போது நிர்வாகிக்குத் தானாக எச்சரிக்கை அனுப்பும் வசதி இன்னும் வரவில்லை. இப்போதைக்கு லாகை சிஸ்லாக் (பதிவுகளை வேறு கணினிக்கு அனுப்பும் முறை) வழியாக வெளியே எடுத்து, ஒரே முகவரியிலிருந்து திரும்பத் திரும்ப வரும் 400 பிழைகளைத் தேடும் விதி ஒன்றை எழுதி வைத்திருக்கிறோம். எச்சரிக்கை வசதி வேண்டும் என்ற எங்கள் கோரிக்கை தயாரிப்பாளரிடம் பதிவாகியுள்ளது.