ஸீலாடெக்கா, லுவாலாடெக்கா? தமிழ்ப் பத்தியில் விழும் பள்ளங்கள்

தமிழும் பிரெஞ்சும் எதிரெதிர்ப் பக்கங்களில் வரும் நூலைப் புதுச்சேரியில் பக்கம் கட்டுபவர்களுக்கு இந்தத் தொல்லை பழகியதுதான். பிரெஞ்சுப் பக்கம் ஒரே அடர்த்தியில் நிற்கும். தமிழ்ப் பக்கத்தில் சொற்களுக்கு நடுவே பள்ளம் விழுந்திருக்கும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. குறுகிய பத்தியில் வரிக்கு நான்கைந்து சொற்கள்தான் அமரும். மிஞ்சும் இடம் முழுவதையும் மூன்று நான்கு இடைவெளிகளே சுமக்க வேண்டியிருக்கிறது. பக்கம் கட்ட உதவும் ஸீலாடெக் (XeLaTeX), லுவாலாடெக் (LuaLaTeX) என்ற இரண்டு மென்பொருள்களையும் நான் எடைபோடுவது இதை வைத்துத்தான்.

இவற்றோடு சேர்த்துப் பயன்படுத்தும் மைக்ரோடைப் (microtype) என்ற துணைத் தொகுப்பின் முக்கிய வேலைகள் இரண்டு. வரியோரத்துக் காற்புள்ளி, முற்றுப்புள்ளிகளை விளிம்புக்கு வெளியே சற்றுத் தள்ளுவது இரண்டிலும் நடக்கும். எழுத்தின் அகலத்தையே துளியளவு கூட்டிக் குறைப்பது லுவாலாடெக்கில் மட்டும்தான். இயல்பான வரம்பு ஆயிரத்துக்கு 20, அதாவது 2 சதவீதம். அற்பம் என்று தோன்றும். ஆனால் வரியிலுள்ள எல்லா எழுத்துகளும் அந்தச் சுமையைப் பங்கிட்டுக்கொள்வதால் பள்ளம் கணிசமாகத் தூர்ந்துவிடுகிறது. பேராசைப்பட்டு வரம்பை 5 சதவீதமாக்கினால் ‘ண’, ‘ஞ’ போன்ற அகல எழுத்துகள் பக்கத்து வரியோடு ஒட்டாமல் தெரியும்.

எழுத்துரு அமைப்பில் ஸீலாடெக்தான் எளிது. லுவாலாடெக்கில், எழுத்துகளைச் சரியான வடிவில் கோக்கும் ஹார்ஃப்பஸ் (HarfBuzz) நிரல் வேண்டும் என்று தனியே குறிப்பிடுவது நல்லது. வரிவடிவம் தமிழ் என்பதை இரண்டிலுமே அறிவித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றுவிடக்கூடும். பிரெஞ்சில் அரைப்புள்ளிக்கும் கேள்விக்குறிக்கும் முன் விடும் மெல்லிய இடைவெளியை, மொழிக்கேற்ற அச்சு வழக்கங்களைக் கவனிக்கும் பேபல் (babel) தொகுப்பு இரண்டிலும் பார்த்துக்கொள்கிறது.

சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகும்போது தமிழ் அச்சில் பெரும்பாலும் இணைப்புக்குறி போடுவதில்லை. ஸீலாடெக்கில் அகலமில்லாத எழுத்தொன்றை இணைப்புக்குறியாக அறிவித்து ஏமாற்றலாம். அழகான வழியல்ல, ஆனால் வேலை நடக்கும்.

பக்கம் கட்டப் புதிதாக வந்த இன்னொரு மென்பொருளான டைப்ஸ்ட் (Typst) மின்னல் வேகம். நிறுத்தற்குறிகளையும் கேட்காமலே வெளியே தள்ளுகிறது. எழுத்தகலத்தை நீட்டிச் சுருக்காததால் என் கணக்கில் அது ஸீலாடெக்கின் வரிசையில்தான் நிற்கிறது.

1955 முதல் புதுச்சேரியில் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் வெளியிடுவதைப் போன்ற, பாடபேதங்களோடு கூடிய செம்பதிப்பு என்றால் அதற்கான ரெலெட்மாக் (reledmac) தொகுப்பு ஸீலாடெக், லுவாலாடெக் இரண்டிலும் ஓடும். அதே வேலைக்கான எக்டோசிஸ் (ekdosis) தொகுப்பு வேண்டுமானால் லுவாலாடெக் தவிர வழியில்லை. உரைநடை நூலுக்கும் என் தேர்வு அதுதான், மெதுவாக ஓடினாலும் சரி. கவிதைத் தொகுப்புக்கும் அழைப்பிதழுக்கும் ஸீலாடெக் போதும்: அங்கே வரியை இருபுறமும் இழுத்துக் கட்டும் வேலையே இல்லை.