தம்ம சேதுவில் பத்து நாள்: விபஸ்ஸனா முகாம் போய் வந்த அனுபவம்

திருப்பூரில் பதினான்கு மெஷின் வைத்து ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். பனியன் தைத்துக் கொடுக்கிற வேலை. போன வருஷம் இன்னொரு யூனிட் போட 18 லட்சம் லோன் பேசி முடித்திருந்தேன். கையெழுத்துப் போடும் நாள் நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் போய்விட்டது. செக்கிங்கில் என்னோடு முன்பு வேலை பார்த்த தோழிதான், "பத்து நாள் பேசாம உட்கார்ந்துட்டு வா, அப்புறம் கையெழுத்துப் போடு" என்று அனுப்பி வைத்தாள்.

இடம், சென்னையை ஒட்டிய திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது என்ற விபஸ்ஸனா தியான மையம். பல்லாவரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஆன்லைனில் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். உடம்புக்கோ மனதுக்கோ மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை மறைக்காமல் எழுதுங்கள், அது உங்கள் நல்லதுக்குத்தான். போனதும் போன், புத்தகம், பேனா எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட வேண்டும். பேச்சு இல்லை, சைகை இல்லை, பக்கத்தில் இருப்பவரின் கண்ணைக்கூடப் பார்க்கக் கூடாது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதி.

காலை 4 மணிக்கு மணி அடிக்கும். 4.30க்குத் தியானம், 6.30க்கு டிபன், 11 மணிக்குச் சாப்பாடு, மாலை 5 மணிக்கு டீயும் பொரியும். இரவு 9.30க்கு விளக்கு அணைந்துவிடும். நடுவில் கிட்டத்தட்ட பத்து மணி நேரம் உட்காருவதுதான் வேலை. முதல் மூன்று நாளும் மூச்சை மட்டும் கவனிக்க வேண்டும். மூக்குக்குக் கீழே, மேல் உதட்டுக்கு மேலே, அந்தச் சின்ன இடத்தில். நான்காம் நாள்தான் விபஸ்ஸனா ஆரம்பம்: தலை முதல் கால் வரை உடம்பில் என்ன நடக்கிறது என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவது. அன்றிலிருந்து தினமும் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், கை கால் அசைக்காமல் கண் திறக்காமல் இருக்கப் பழக வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

மூன்று நாளும் என் மனது பீஸ் ரேட்டையும் சம்பளப் பாக்கியையும்தான் ஓட்டியது. ஐந்தாம் நாள் மதியம் தொண்டைக்குள் சூடாக ஏதோ ஏறியது. காது மடல் வரை எரிந்தது. கூடவே ஒரு பந்தி கண் முன்னால் வந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கல்யாணம். சம்பந்தி வீட்டாரிடம் என் நாத்தனார் என்னைக் காட்டி, "இவ துணி தைக்கிறவ" என்று சொன்னார். அன்று சிரித்துக்கொண்டே ரசம் ஊற்றிக்கொண்டேன். அதை மறந்துவிட்டதாகவே இத்தனை நாள் நினைத்திருந்தேன். சூட்டைத் தள்ளாதே, பிடித்தும் வைக்காதே, வந்து போவதைப் பார் என்பதுதான் அங்கே சொல்லிக் கொடுத்திருந்த பாடம். பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏறிய சூடு மெல்ல இறங்கியது.

அது இறங்கின பிறகு இரண்டாவது யூனிட் ஞாபகம் வந்தது. எனக்குத் திக்கென்றது. அந்த யூனிட்டுக்கு ஆர்டர் யார் தருவார்கள், தீபாவளி சமயத்தில் டெய்லருக்கு எங்கே போவது என்று யோசித்ததைவிட, திறப்பு விழாவுக்கு முதல் பத்திரிகையை யாருக்குக் கொடுப்பது என்றுதான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். அந்த முதல் பத்திரிகை நாத்தனாருக்கு. பெரிதாக வளர்ந்தால்தான் மதிப்பு என்று நம்பி ஓடிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை எங்கே முளைத்தது என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன். நான் பணம் கட்டி வந்த நான்கு சீட்டில் மூன்று யாருக்காகச் சேர்ந்தேன் என்பதும் அதே வாரத்தில் தெளிந்தது.

இரவு 7 மணிக்கு, இந்த முகாம்களைத் தொடங்கிய ஆசிரியர் மறைந்த எஸ். என். கோயங்காவின் பதிவு செய்த உரையைத் தமிழில் கேட்கலாம். 1924இல் மாண்டலேயில் பிறந்த வியாபாரி அவர். ஒற்றைத் தலைவலிக்கு வழி தேடிப் போய், பர்மாவின் தலைமைக் கணக்காளராக இருந்த சயாஜி ஊ பா கின்னிடம் 1955இல் இதைக் கற்றுக்கொண்டார். 1969இல் இந்தியாவுக்குக் கொண்டு வந்தார். வியாபாரம் தெரிந்தவர் பேச்சு என்பதால் எனக்கு ஒட்டியது. மறுபிறவி பற்றி அவர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்கும் அவரே ஒரு கதை வைத்திருக்கிறார்: பாயசத்தில் கிடந்த ஏலக்காயைக் கல் என்று நினைத்து வேண்டாமென்ற பையனின் கதை. ஏலக்காயை எடுத்து வைத்துவிட்டுப் பாயசத்தைச் சாப்பிடு என்கிறார். நான் அப்படித்தான் செய்தேன்.

ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். இது கவுன்சிலிங் இல்லை. லோன் வாங்கலாமா, வேலையை விடலாமா என்றெல்லாம் அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். ஆசிரியரிடம் பயிற்சி பற்றித்தான் கேட்கலாம். கைக்குழந்தை உள்ளவர்களுக்கு இப்போதைக்கு இது ஆகாது. போக வர நாளைச் சேர்த்தால் பன்னிரண்டு நாள் வேண்டும். மூன்று நாளில் முடியாதா என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: மூன்றாம் நாள் நான் இன்னும் சம்பளக் கணக்கில்தான் இருந்தேன்.

கட்டணம் கிடையாது. முகாமை முடித்தவர்களிடம் மட்டும்தான் நன்கொடை வாங்குகிறார்கள். அதாவது நான் சாப்பிட்ட சோறு, எனக்கு முன்னால் வந்து போன யாரோ போட்ட காசு. பத்தாம் நாள் மௌனம் கலைந்த பிறகு அதை நினைத்துத்தான் எனக்கு அழுகை வந்தது. என்னால் முடிந்ததைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து வங்கியில் லோன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு சீட்டை மட்டும் வைத்துக்கொண்டேன், மற்றவை தவணை முடிந்ததும் நின்றுவிடும். பதினான்கு மெஷின் அப்படியே ஓடுகிறது. பவர் டேபிளில் தைக்கும் பிள்ளைகள், "அக்கா, மணி ஆறரை, கிளம்பலையா?" என்று கேட்கிறார்கள். பிளஸ் டூ படிக்கிற மகள் பக்கத்தில் ராத்திரி உட்காருகிறேன், அவள் படிக்கிறாள், நான் சும்மா இருக்கிறேன்.

அவள் பரீட்சை முடிந்ததும் மறுபடி போகப் போகிறேன். பழைய மாணவர்களுக்கு, அதாவது ஏற்கெனவே ஒரு முகாம் முடித்தவர்களுக்கு, மதியம் 12 மணிக்கு மேல் சாப்பாடு இல்லை, மாலையில் எலுமிச்சைத் தண்ணீர் மட்டும்தான். இப்போதே ராத்திரிச் சாப்பாட்டைக் கொஞ்சம் குறைத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன்.